இதோ வந்துட்டேன்

குருவுக்கு முப்பத்திரண்டு வயது. சீடருக்கு ஐம்பத்து நான்கு.

கோத்தகிரியில் மலைப்பாதை ஓட்டம் கற்றுக்கொடுப்பவர் ஜெபசெல்வி. கற்றுக்கொள்ள வந்த வேதமூர்த்தி சர்வேயர். எதையும் அளந்து பார்க்காமல் நம்பமாட்டார்.

சென்ற குளிர்காலத்தில், ஜெபசெல்வியிடம் பயிற்சி எடுத்து, ஐம்பது கிலோமீட்டர் பந்தயத்துக்கு நான்கு வாரம் இருந்தபோது நிமோனியா அவரைப் படுக்கப் போட்டது. பதினோரு நாள் ஐ.சி.யூ. இப்போது டாக்டர் ஓடலாம் என்று சொல்லிவிட்டார். நெஞ்சுதான் இன்னும் சொல்லவில்லை. இந்த முறையும் முடிக்காவிட்டால் ஷூவை யாருக்காவது கொடுத்துவிடுவதாக வீட்டில் சொல்லிவிட்டு வந்திருந்தார்.

"கோச், இந்த ஐம்பதுல ரொம்பக் கஷ்டமான தூரம் எது?"

"முடிச்சுட்டு வந்து கேளுங்க சார்."

"அதுவரைக்கும் தினம் எவ்வளவு ஓடணும்?"

"கூப்பிடு தூரம்."

"சர்வேயர்கிட்ட சொல்ற அளவா இது? மீட்டர்ல சொல்லுங்க."

ஜெபசெல்வி அதற்குள் மேலே ஏறிப் போய்விட்டார். தேயிலைத் தோட்டத்தின் உச்சியிலிருந்து குரல் வந்தது.

"வேதமூர்த்தி சார்!"

அவர் ஓடினார். பாதி வழியில் ஜெபசெல்வி மறுபடி கூப்பிட்டார். இவர் கையை ஆட்டினார்.

"கை வேண்டாம். வாயைத் திறந்து பதில் சொல்லுங்க!"

"இதோ... வந்து..." மீதியை இருமல் தின்றது.

"அப்போ நடங்க!"

பாடம் அவ்வளவுதான். 'இதோ வந்துட்டேன்' என்று ஒரே மூச்சில் கத்த முடிந்தால் ஓடலாம். முடியாவிட்டால் நடக்கவேண்டும். வீட்டை விட்டே கிளம்பாதவர்கள் போனில் சொல்லும் அந்த வார்த்தையை, வேதமூர்த்தி எட்டு மாதம் மேடு பள்ளமெல்லாம் கத்திக்கொண்டு திரிந்தார். தோட்டத்தில் இலை பறிப்பவர்கள், "வந்துட்டாருப்பா" என்று சிரித்தார்கள்.

ஜனவரியில் பந்தயம். புல் மேல் உப்புத்தூள் கொட்டியது மாதிரி உறைபனி. பத்து மணி நேரத்தில் முடிக்கவேண்டும். ஜெபசெல்வி முடிவுக்கோட்டில் நின்றுவிட்டார். வழியில் கூப்பிட ஆளில்லை. யாரும் கூப்பிடாமலேயே ஒவ்வொரு ஏற்றத்திலும் வேதமூர்த்தி பதில் சொல்லிக்கொண்டு போனார்.

முப்பத்தெட்டாவது கிலோமீட்டரில் டீ கொடுக்க நின்றவர், சத்தம் கேட்டதும் டம்ளரில் ஊற்றி வைத்துவிட்டார்.

"வந்துட்டேன்னு சொல்லி பத்து நிமிஷமாச்சுண்ணே, ஆறிப்போச்சு!" என்று வருத்தப்பட்டார்.

வேதமூர்த்தி சிரித்துக்கொண்டே ஆறின டீயைக் குடித்தார்.

கடைசி ஏற்றம் நாற்பத்தெட்டில் வந்தது. இருபத்தைந்து நிமிடம் மீதி இருந்தது. வாயைத் திறந்தார். வெறும் காற்றுதான் வந்தது.

"அண்ணே, ஓடுங்க! டைம் முடியப்போகுது!" என்று கத்திக்கொண்டே ஒருவர் தாண்டிப் போனார்.

கால் தயாராகத்தான் இருந்தது. பழைய வேதமூர்த்தியாக இருந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு ஓடியிருப்பார். இவர் நடந்தார். அழுகை வந்தது. அப்போதும் நடந்தார்.

உச்சியைத் தொட்டபோது ஒன்பது நிமிடம்தான் பாக்கி. கீழே கொடிகள் தெரிந்தன. ஒலிபெருக்கியில் யாரிடமிருந்தோ மைக்கைப் பிடுங்கிய குரல் கேட்டது.

"வேதமூர்த்தி சார்!"

"இதோ வந்துட்டேன்!"

பள்ளத்தாக்கில் நின்ற எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சொன்னபடியே அவர் வந்தார், இரண்டு நிமிடம் மிச்சம் வைத்து, எல்லோருக்கும் கடைசியாக. ஆனால் கைதட்டல் முதலாவதாக வந்தவருக்குக்கூட அவ்வளவு இல்லை.

கம்பளியைப் போர்த்திக்கொண்டு, கழுத்தில் மெடலோடு உட்கார்ந்தார். ஜெபசெல்வி சூடாக டீ கொண்டுவந்து கொடுத்தார்.

"இப்போ சொல்லுங்க கோச். கஷ்டமான தூரம் எது? அந்தக் கடைசி ஏத்தம்தானே?"

"இல்லை சார். ரெண்டடி."

"ரெண்டடியா? எங்கே?"

"போன வருஷம் ஐ.சி.யூ.ல. உங்க கட்டிலுக்கும் நான் நின்ன இடத்துக்கும் நடுவுல. பதினோரு நாளும் வந்து கூப்பிட்டேன் சார், பதிலே இல்லை. டீ ஆறுது, குடிங்க."