பழம் தேடிப் போன கால்

பெரிய வீட்டில் ஒரே வாரத்தில் மூன்று பசுக்கள் செத்துப்போயின. யாரோ சூனியம் வைத்துவிட்டார்கள் என்றார் குறி சொல்லும் கோடாங்கி சடையாண்டி. "வெச்ச ஆளைத் தேடி என் பேய் எலுமிச்சம்பழத்தை உருட்டிக்கிட்டுப் போகும்!"

உச்சிவெயிலிலேயே கதவு சன்னலெல்லாம் சாத்திக் கூடத்தை இருட்டாக்கி, ஒரு விளக்கை மட்டும் ஏற்றிவைத்தார்கள். வேலைக்காரி பஞ்சவர்ணத்தை மூலையில் நிற்கச் சொன்னார் கோடாங்கி. குங்குமம் தடவிய பழத்தைத் தரையில் வைத்துக் கையை எடுத்தார். யாரும் தொடவில்லை. பழம் தயங்கியது, மெல்ல அசைந்தது, உருண்டு வந்து பஞ்சவர்ணத்தின் கால்விரலில் இடித்தது. மறுபடி வைத்தார். மறுபடியும் அவளிடமே வந்தது. சூனியக்காரி என்று அவளுக்கு மொட்டையடிக்க ஒருவன் கத்தியைத் தீட்டத் தொடங்கினான். அந்தச் சத்தம் மட்டும்தான் கேட்டது.

"இன்னும் ஒரு தடவை சாமி," என்றாள். "நீங்க இங்க நில்லுங்க. நான் அங்க போய்ப் பழத்தை வைக்கிறேன். சூனியக்காரி நான்னா, அது என்னை விட்டு எங்க போயிடும்?"

வீட்டார் எல்லாரும் கோடாங்கியைப் பார்த்தார்கள். அவர் மறுக்க வழியில்லாமல் மூலையில் போய் நின்றார்.

பழம் உருண்டது. அவர் காலில் இடித்து நின்றது.

கத்தி தீட்டும் சத்தம் நின்றது. கத்திக்காரன் மெல்லக் கோடாங்கி பக்கம் திரும்பினான்.

"சொல்லுங்க சாமி," என்றாள் பஞ்சவர்ணம். "சூனியம் வெச்சது நீங்களா? இல்ல, தினம் நான் இந்தத் தரையைக் கழுவிவிடுற தண்ணி சரிஞ்சு ஓடுற பக்கமே பழமும் ஓடுதா?"

"தண்ணி... தண்ணி ஓடுற பக்கம்தான்!"

பஞ்சவர்ணம் ஒரு கோணியை விரித்து அதன்மேல் பழத்தை வைத்தாள். அது அசையவே இல்லை.

"வழுவழுன்னு தரை இல்லாட்டி உங்க பேய்க்கு நடக்கவே தெரியாது போல, சாமி."