வாய் திறக்காத நாலு பேர்

“நாலு பேரையும் இன்னிக்கே வேலையை விட்டு அனுப்பப் போறேனுங்கம்மா. தப்புங்களா?”

குடிலுக்குள் வந்து உட்காருவதற்கு முன்பே மாசிலாமணி கேட்டுவிட்டார். சாயப்பட்டறை மேனேஜர். குரு திலகவதி அம்மாவைவிட வயதில் மூத்தவர். ஆனாலும் மனசு கலங்கினால் அவரிடம்தான் ஓடி வருவார்.

“என்ன செஞ்சாங்க?”

“பாய்லர் குழாய் ஒழுகுனது நாலு பேருக்கும் தெரியும். ஒருத்தனும் எங்கிட்ட சொல்லலை. நேத்து குழாய் வெடிச்சு, ஆறுச்சாமி வெந்துபோய் ஆஸ்பத்திரியில கிடக்கறான். பொழைப்பானான்னே தெரியலைங்க.”

ஆறுச்சாமி அவரே வேலைக்குச் சேர்த்த ஆள். கோபம் ஒரு பக்கம், துக்கம் ஒரு பக்கம்.

“மத்தியானத்துக்குள்ள முதலாளிக்குப் பேரு குடுக்கணும். நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க.”

மாசிலாமணி தொண்டையைச் செருமினாலே பட்டறை கப்சிப்பென்று அடங்கிவிடும். குறை சொல்ல வந்தவன் அவரிடம் திட்டு வாங்காமல் திரும்பியதில்லை. அதில் அவருக்குப் பெருமை வேறு.

அம்மா எழுந்தார். அடுப்பில் பாலை வைத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார்.

மாசிலாமணியின் கண் வாசலுக்குப் போயிற்று.

“அம்மா, வெளியில ஆடு உங்க அகத்தியை மேயுதுங்க.”

“உங்களைக் கேட்டேனா?”

மாசிலாமணிக்கு முகம் சுண்டிப்போயிற்று. இத்தனை வருஷத்தில் அம்மா வாயிலிருந்து இப்படி ஒரு பேச்சு வந்ததில்லை.

அடுப்பில் பால் நுரைத்து மேலே வந்தது.

“அம்மா, பால் பொங்குது...”

“எனக்குக் கண்ணு இல்லையா? சும்மா நச்சு நச்சுன்னு!”

பால் பொங்கி வழிந்தது. எரிந்துகொண்டிருந்த விறகை அம்மா வெளியே இழுத்துப் போட்டார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார்.

மாசிலாமணி வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எழுந்து போய்விடலாமா என்றுகூட இருந்தது.

அப்போதுதான் பார்த்தார். அம்மா போர்த்தியிருந்த போர்வையின் நுனி சரிந்து அந்த விறகின் மேல் கிடந்தது.

மெல்லப் புகைந்தது.

சொல்லலாமா? அம்மாவுக்குத் தெரியாமலா இருக்கும்? சொன்னால் மறுபடியும் வள்ளென்று விழுவார். கருகல் வாடை அடிக்கிறதே, தானே பார்த்துக்கொள்வார்.

நாக்கு எழவில்லை.

புகை கனத்தது.

இன்னும் கொஞ்சம் பார்ப்போம் என்று நினைத்தார்.

குப்பென்று பற்றிக்கொண்டது.

“ஐயோ, அம்மா!”

பாய்ந்து போர்வையைப் பிடுங்கி எறிந்தார். காலால் மிதித்து மிதித்து அணைத்தார்.

அம்மா கண்ணைத் திறந்தார். முகத்தில் துளி கோபம் இல்லை.

“எப்பப் பாத்தீங்க?”

“புகைய ஆரம்பிச்சப்பவே பாத்துட்டேனுங்க.”

“அப்பவே ஏன் சொல்லலை?”

“எப்படிங்கம்மா சொல்றது? வாயைத் திறந்தாலே திட்டுனீங்களே...”

“நான் திட்டினது ரெண்டே தடவைதானுங்க,” என்றார் அம்மா.