கிளிக்குஞ்சுக்கு ஆலத்தி

ஆற்றங்கரை மடத்தில் குருவுக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. சீடர் வடமலைக்கு அறுபது தாண்டிவிட்டது. தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். குருவை எல்லாரும் அம்மா என்றார்கள், வடமலையும் அம்மா என்றார். அம்மா அவரை வாத்தியாரே என்று கூப்பிடுவார்.

வடமலைக்கு மடத்தின்மேல் ஒரு மனத்தாங்கல் உண்டு. மனைவி போன துக்கத்தோடு பெட்டியும் கையுமாக வந்து இறங்கிய அன்று, வாங்க என்று ஒரு வார்த்தை சொல்லிப் பாயைக் காட்டியதோடு சரி. எந்த ஊர், ஏன் வந்தீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. பந்தியில் அம்மாகூட அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் உட்கார்ந்தார். வடமலை இதை யாரிடமும் சொல்லவில்லை. மறக்கவும் இல்லை.

ஆகவே கிளிக்குஞ்சு வந்த அன்று அவர் வரிந்துகட்டிக்கொண்டு இறங்கினார்.

காற்றில் முறிந்த தென்னையின் பொந்திலிருந்து அதை எடுத்து வந்தவர் பக்கத்துத் தோப்புக்காரர் காத்தமுத்து.

"தானா கொத்தித் தின்னப் பழகிருச்சுங்க. ஆனா மெரண்டு கெடக்குது. நாளைக்குள்ள இரை எடுத்தாப் பொழைச்சுக்கும். எடுக்கலைன்னா தங்காது" என்றார்.

"என்கிட்ட விடுங்க. வீட்டுக்கு வர்ற உயிரை எப்படி வரவேற்கணும்னு நான் காட்டறேன்" என்றார் வடமலை. கடைசி வாக்கியத்தை அம்மாவின் காதில் விழும்படி கொஞ்சம் உரக்கவே சொன்னார்.

சொன்னபடி செய்தார். மூங்கில் கூண்டுக்கு மாவிலை கட்டினார். மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்து ஆலத்தி எடுத்தார். மடத்தில் இருந்த அத்தனை பேரையும் உயர வாரியாக வரிசையில் நிறுத்தினார். ஒவ்வொருவராக வந்து, தன் பெயரைச் சொல்லி, குஞ்சுக்கு ஒரு வாய் ஊட்ட வேண்டும் என்பது ஏற்பாடு. ஊறவைத்த பயறு, வாழைப்பழம், கொய்யா, இளஞ்சோளம் என்று தட்டு நிறைந்திருந்தது. கல்யாண வீட்டில்கூட அப்படி உபசாரம் நடக்காது.

குஞ்சு கூண்டின் மூலைக்குப் போய்க் கண்ணை மூடிக்கொண்டது.

"வெட்கப்படாதே ராஜா, நம்ம வீடுதான். சாப்பிடு, சாப்பிடு" என்று வடமலை அன்று முழுக்கக் கூண்டுக்குள் முகத்தை விட்டுக் கெஞ்சினார். தானும் சாப்பிடவில்லை. மறுநாள் காலையில் பயறு வைத்தது வைத்தபடி காய்ந்து கிடந்தது. குஞ்சு கழுத்தைத் தொங்கப் போட்டிருந்தது.

வடமலை அம்மாவிடம் ஓடினார். கண் கலங்கியிருந்தது.

"அம்மா, நான் என்ன குறை வெச்சேன்?"

"ஒரு குறையும் இல்லையே."

"அப்புறம் ஏன் தின்ன மாட்டேங்குது? செத்துப் போயிடுமோன்னு பயமா இருக்கும்மா."

அம்மா ஒரு கொய்யாவை எடுத்துக்கொண்டு போனார். கூட்டத்தை வேலைக்கு விரட்டினார். கூண்டுக் கதவைத் திறந்துவிட்டு, அதற்கு முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்தார். பாதிப் பழத்தைப் பின்னால் வைத்தார், மீதிப் பாதியைக் கறுக் கறுக்கென்று கடித்துத் தின்ன ஆரம்பித்தார். கிளி ஒன்று அங்கே இருப்பதே அவருக்குத் தெரியாதது போல இருந்தது.

வடமலை கதவிடுக்கில் நின்று பார்த்தார். வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு குஞ்சு ஒரு கண்ணைத் திறந்தது. தத்தித் தத்தி வெளியே வந்தது. கொய்யாவில் அலகை வைத்தது.

"தின்னுது! தின்னுது!" என்று கத்திவிட்டார் வடமலை.

குஞ்சு விழுந்தடித்துக்கொண்டு உள்ளே ஓடியது. அம்மா எழுந்தார்.

"வாங்க வாத்தியாரே, இனி உங்க முறை. இப்படி உட்காருங்க."

"முதுகைக் காட்டியா? அது மரியாதையாம்மா?"

"உங்களுக்கும் பசிக்குமே. சாப்பிடுங்க."

பணியில் இருந்த காலமெல்லாம் வகுப்புக்கு முதுகைக் காட்டாதவர் வடமலை. கரும்பலகையில் எழுதும்போதுகூடப் பக்கவாட்டில் நின்றுதான் எழுதுவார். இப்போது ஒரு சோளக்கதிரைப் பின்னால் வைத்துவிட்டு, இன்னொன்றைக் கையில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். உடனே திரும்பிப் பார்த்தார். கொஞ்சம் பொறுத்து மறுபடி பார்த்தார்.

"வாத்தியாரே, திரும்பாதீங்க!" என்று சமையலறையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

வடமலை கண்ணை இறுக மூடிக்கொண்டு கதிரைக் கடித்தார். பால் பிடித்த சோளம், தித்தித்தது. நேற்றிலிருந்து பட்டினி என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. பிறகு சோளத்தைத் தவிர வேறு நினைப்பில்லாமல் சாப்பிட்டார்.

முதுகுக்குப் பின்னால் சோள மணி நொறுங்கும் சத்தம் கேட்டது. மெல்லத்தான் கேட்டது. விடாமல் கேட்டது.

வேட்டியை ஏதோ இழுத்தது. சட்டையில் நகம் பற்றி ஏறியது. குஞ்சு தோளுக்கு வந்து சேர்ந்து, அவர் கையில் இருந்த கதிருக்குக் கழுத்தை நீட்டியது. அவர் கொடுத்தார். அவருக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன.

அம்மா மோர்ச் செம்போடு வந்தார்.

"அம்மா, தோள்ல இருக்கு. அசையாதீங்க" என்று கிசுகிசுத்தார் வடமலை.

"நான் எங்கே அசையறேன்? நீங்கதான் குலுங்கறீங்க."

வடமலை மோரைக் குடித்துவிட்டுச் செம்பைக் கீழே வைத்தார்.

"அம்மா, நான் வந்த புதுசுல இங்கே யாரும் என்னைச் சரியா வரவேற்கலைன்னு மனசுல ஒரு குறை வெச்சிருந்தேன்."

"தெரியும்."

"துக்கத்துல அப்போ எனக்குச் சோறே இறங்கலை."

"ஆமா. அப்புறம் ஒரு நாள் ரசம் சோறு இறங்குச்சு. ரெண்டாந்தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டீங்க."

வடமலை நிமிர்ந்தார். "உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்கதான் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தீங்களே!"

அம்மா காலிச் செம்பை எடுத்துக்கொண்டார்.

"இப்போ கிளி தின்னது உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது, வாத்தியாரே?"