பாயசத்தில் விழுந்த முடியும் காகிதத் தொப்பியும்

நெல்லிமங்கலம் சமஸ்தானத்தை ஆண்ட சேதுரங்க பூபதிக்கு உயிர் இரண்டு விஷயங்களில் இருந்தது. ஒன்று பால் பாயசம். இன்னொன்று, தான் போட்ட ஆணையைத் தானே கேட்டு ரசிப்பது. ஒரு நல்ல ராஜாவுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும், சொல்லுங்கள்!

ஒரு நாள் மத்தியானம் பாயசத்தில் ஒரு முடி கிடந்தது.

"இனி என் பாயசத்தில் முடி விழட்டும், அந்த முடிக்குச் சொந்தக்காரன் எவனோ, அவன் வலது கையை வெட்டுங்கள்!" என்று கத்தினார் ராஜா. கத்தி முடித்ததும், "நன்றாக இருந்ததா?" என்று பக்கத்தில் கேட்டார்.

"அற்புதம்!" என்றார் பிரதானி திம்மப்பர். "முடி சமையற்காரன் பஞ்சநதத்துடையதுதான், சந்தேகமே வேண்டாம்."

பிரதானிக்கு ஒரு மைத்துனன் இருந்தான். வெந்நீரைக்கூடத் தீய்த்துவிடுகிற கைராசிக்காரன். அவனை எப்படியாவது அரண்மனைத் தலைமைச் சமையற்காரனாக்கிவிட வேண்டும் என்பது அவருடைய தேசத் தொண்டு.

பஞ்சநதம் நடுங்கிப்போய் விகடகவி வைரவநாதரிடம் ஓடினார்.

"அய்யா, கை போனால் நான் எதைப் பிடித்துக் கிண்டுவேன்? எனக்கு வேறு தொழில் தெரியாதே!"

"தலையில் ஒரு துண்டைக் கட்டிக்கொள்ளுமேன், ஓய்."

"நல்ல கதை! ராஜா சாப்பிடுகிற கூரைக்குக் கீழே யாரும் தலையில் துணி கட்டக் கூடாதே. கட்டினால் தலையே போய்விடும்!"

அது உண்மை. அந்த அரண்மனையில் அது பரம்பரை வழக்கம். பிரதானிகூட தம் சரிகைத் தலைப்பாகையை வாசலில் கழற்றி வைத்துவிட்டுத்தான் சாப்பாட்டுக் கூடத்துக்குள் வருவார். சமையற்கட்டும் அதே கூரைதான்.

"முடியும் விழக் கூடாது, தலையையும் கட்டக் கூடாது. அடடா, என்ன நிர்வாகம்!" என்று சொல்லிக்கொண்டே வைரவநாதர் ராஜாவிடம் போனார்.

"மகாராஜா, துணிதானே கூடாது? வேறு ஏதாவது போட்டுக்கொள்ளலாமா?"

"போட்டுக்கொள்ளட்டும். ஆனால் கஜானாவிலிருந்து சல்லிக்காசு கிடையாது. இன்றைக்குப் போட்டதை நாளைக்குப் போடக் கூடாது. எண்ணெய் வாடை எனக்கு ஆகாது."

"தாராள மனசு, மகாராஜா!" என்று கும்பிட்டுவிட்டு வைரவநாதர் தஸ்தாவேஜு அறைக்குள் நுழைந்தார். அங்கே ராஜாவைப் புகழ்ந்து சபையோர் வாராவாரம் எழுதிக் கொடுத்த வாழ்த்துப் பத்திரங்கள் கூரை வரை குவிந்திருந்தன. கரையானைத் தவிர ஒருவரும் படித்ததில்லை.

ஒன்றை எடுத்துக் கூம்பாகச் சுருட்டினார். பஞ்சநதம் குனிந்தார், அது சாம்பாரில் விழுந்தது. இன்னொன்றைப் படகு மாதிரி மடித்தார். நின்றது. ஆனால் எழுத்து உள்பக்கம் இருந்ததால் வியர்வையில் மை கரைந்து, பாத்திரம் தேய்க்கிறவர் நெற்றியில் 'புவியாளும் சிங்கமே' என்று தலைகீழாகப் பதிந்துவிட்டது. கடைசியில் எழுத்தை வெளியே வைத்து, மேல் மூலைகள் இரண்டையும் நடுவுக்கு மடக்கி, விளிம்பை இரண்டு சுற்று மேலே மடித்து, பின்பக்கம் தலைக்குத் தக்கபடி இறுக்கிச் சொருகினார். தையல் இல்லை, பசை இல்லை. வேலை முடிந்ததும் அடுப்பில் போட்டுவிடலாம்.

மறுநாள் சமையற்கட்டில் எல்லாத் தலையிலும் காகிதத் தொப்பி. பாயசத்தில் மறுபடியும் ஒரு முடி!

"காகிதத் தொப்பியாம், மண்ணாங்கட்டி!" என்று துள்ளினார் திம்மப்பர். "வெட்டுங்கள் கையை!"

"வெட்டலாமே," என்றார் வைரவநாதர். "சமையற்காரர்கள் தொப்பிக்கு வெளியே ஒரே ஒரு முடி தெரிந்தால் காட்டுங்கள்."

திம்மப்பர் நாலு சுற்று சுற்றிவந்து பார்த்தார். தெரியவில்லை.

"அப்படியானால் பரிமாறுகிறவர்கள்!" என்றார் ராஜா. மறுநாள் அவர்களுக்கும் தொப்பி. அப்போதும் முடி.

"பாயசத்தை முதலில் ருசி பார்க்கிறவர் பாக்கி இருக்கிறாரே," என்றார் வைரவநாதர் ரொம்பப் பணிவாக.

ருசி பார்க்கிறவர் பிரதானிதான். மூன்றாம் நாள் அவரும் தொப்பி போட்டுக்கொண்டு, விளக்கெண்ணெய் குடித்த முகத்தோடு வந்து உட்கார்ந்தார். ஒரு கரண்டி ருசி பார்த்து, முடி எதுவும் இல்லை என்று காட்டிவிட்டுக் கிண்ணத்தை ராஜா முன்னால் வைத்தார். ராஜா பாயசத்தைப் பார்த்தார். நாக்கில் எச்சில் ஊறியது. ஆனந்தத்தில் இரண்டு கையாலும் மீசையை முறுக்கினார்.

கிண்ணத்தில் ஒரு முடி மிதந்தது.

கூடத்தில் இருந்த எல்லாரும் தரையில் எதையோ தேடினார்கள்.

"வா... வானத்திலிருந்து விழுந்திருக்கும், மகாராஜா," என்றார் திம்மப்பர்.

மீசைமேல் இருந்த ராஜாவின் கைகள் அப்படியே நின்றுவிட்டன. "வைரவா, நீ என்ன சொல்கிறாய்?"

"நான் என்ன சொல்ல, மகாராஜா? ஆணை தங்களுடையது. வெட்டுகிறவன் மூன்று நாளாக வாசலில் சும்மா நிற்கிறான். உள்ளே வரச் சொல்லவா, வீட்டுக்குப் போகச் சொல்லவா?"

"போகச் சொல்! போகச் சொல்! அந்த ஆணை ரத்து!"

பஞ்சநதம் தன் வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு விக்கி விக்கி அழுதார்.

"சரி, இனியும் முடி விழுமே. அதற்கு என்ன வழி?" என்றார் ராஜா, குரலை இறக்கி.

வைரவநாதர் மடியிலிருந்து இரண்டு தொப்பிகளை எடுத்து வைத்தார். அதே மடிப்பு, அதே விளிம்பு. ஆனால் கட்டைவிரல் அளவுதான்.

"என்னய்யா இது? இவ்வளவு சின்னத் தலை யாருக்கு?"

"தலைக்கு இல்லை, மகாராஜா. மீசைக்கு. வலதுக்கு ஒன்று, இடதுக்கு ஒன்று."

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து ஓய்ந்ததும் மோதிரத்தைக் கழற்றி வைரவநாதருக்குக் கொடுத்தார். மீசைக்குத் தொப்பிகளை மாட்டிக்கொண்டு மூன்று கிண்ணம் பாயசம் குடித்தார்.

மறுநாள் சபைக்கு வந்த அத்தனை பேர் மீசையிலும் காகிதத் தொப்பி! மழுங்கச் சிரைத்த முகக்காரர் திம்மப்பர் மட்டும் என்ன இளப்பமா? அடுப்புக்கரியால் ஒரு மீசை வரைந்து, அதன்மேல் தொப்பியை ஒட்டிக்கொண்டு, முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார்.