தொட்டியில் தொங்கிய ஆட்டுக் குழாய்

"மேடம், ஒரு சந்தேகம். ஆம்பளைங்க போடுற அந்த மாத்திரை இருக்குல்ல, அதுக்கு எங்க போகணும்னு எப்படித் தெரியுது?"

கேட்டுவிட்டுச் சேந்தன் காதுமடல் சிவக்க நின்றான். கால்நடைக் கல்லூரிக்கு மருந்தியல் படிக்க வந்ததிலிருந்து அங்கயற்கண்ணி மேடத்திடம் அவன் இப்படியொரு கேள்வியைக் கேட்டதில்லை.

மேடம் வெதுவெதுப்பான உப்புநீர்த் தொட்டியைக் காட்டினார். அதில் நூல் கட்டி ஆட்டு ரத்தக்குழாய்த் துண்டு ஒன்று தொங்கியது. இறுக்குகிற மருந்து ஏற்கெனவே ஊற்றியிருந்ததால் துண்டு சுருங்கி விறைப்பாக நின்றது. நூலின் மறுமுனையில் இருந்த முள், காகிதத்தின் உச்சியில் கோடு போட்டுக்கொண்டிருந்தது.

"நீ கேட்ட மருந்து இந்தக் குப்பியில இருக்கு. ஒரு சொட்டு விடு."

விட்டான். முள் இறங்கியது.

"என்ன மேடம், விறைக்கும்னு பார்த்தா தொளதொளத்துப் போச்சு!"

"அதோட வேலையே தளர்த்துறதுதான். குழாய் தளர்ந்தாத்தானே ரத்தம் பாயும்?"

"ஆனா இது ஆட்டோட நெஞ்சுல எடுத்த குழாயாச்சே?"

"அது மருந்துக்குத் தெரியாதே."

சேந்தன் குப்பியைக் கீழே வைத்தான். "அப்போ... நெஞ்சுவலிக்கு நாக்கடியில மாத்திரை வைக்கிறவங்க இதையும் போட்டா?"

மேடம் இன்னொரு குப்பியை எடுத்தார். "இதுதான் அந்த நாக்கடி மருந்து." தானே ஒரு சொட்டு விட்டார். முள் சரசரவென்று இறங்கிக் காகிதத்தின் அடிவிளிம்பில் முட்டி நின்றது.

"யாருக்குடா வாங்கிக் கொடுத்த?"

"மாமாவுக்கு மேடம். நெஞ்சுவலிக்கு நாக்கடி மாத்திரை வைக்கிறவரு. போன மாசம்தான் ரெண்டாம் கல்யாணம். கடையில கேக்க வெக்கமா இருக்கு, நீதான் மருந்து படிக்கிறியேன்னாரு. காலையில கொடுத்துட்டு வந்தேன்."

உடனே போன் போட்டான். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் ஒருவழியாக எடுத்தார்.

"மாமா! அந்த மாத்திரை?"

"மெதுவாப் பேசுடா, அத்தை பக்கத்துல இருக்கா. சட்டைப்பையில பத்திரமா இருக்கு."

"போட்டுடாதீங்க! நெஞ்சு மாத்திரையோட சேர்ந்தா ஆளையே கொன்னுடும். போனை அத்தைகிட்ட கொடுங்க!"

"அவகிட்டயா? டேய், குப்பையிலயே போட்டுடறேன்டா சாமி!"

குப்பைத்தொட்டி மூடி விழுந்த சத்தம் கேட்ட பிறகுதான் போனை வைத்தான். ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்தான். அதற்குள் மேடம் தொட்டியைக் காலிசெய்து, புது உப்புநீர் நிரப்பி, இறுக்குகிற மருந்தையும் மறுபடி விட்டிருந்தார். முள் மெல்ல மெல்ல மேலே ஏறியது.

"அப்பாடா! கழுவினா பழையபடி ஆயிடுது மேடம்."

"இது தொட்டியில தொங்குது, கழுவிட்டேன். உன் மாமாவை எதுலடா தொங்கவிட்டுக் கழுவுவ?"