ஆறாவது சொல்

எங்கள் கல்லூரி ஆங்கிலப் பேராசிரியர் ஞானசிகாமணிக்குத் தமிழ் மீடியப் பிள்ளைகள் என்றாலே இளக்காரம். அது என்ன நியாயம் என்று எனக்கு இன்றும் கோபம் ஆறவில்லை. ஆனாலும் அந்தப் புதன்கிழமையை நினைத்தால் முகம் தானாக மலர்ந்துவிடுகிறது.

சொல் விளையாட்டுப் போட்டி அணியில் சேரத் தமிழ் மீடியத்திலிருந்து வந்த சுடலைவடிவு கை தூக்கினாள். வகுப்பு முடிந்ததும் நூலகத்தில் பழைய பேப்பர்களை வார வரிசையில் கட்டி வைக்கிற பெண் அவள்.

"நீயா?" என்றார் சார். "Q, K ரெண்டும் வர்ற அஞ்செழுத்து ஆங்கில வார்த்தை ஆறு எழுது பாப்போம். நானே யோசிச்ச புதிர். எழுதிட்டா சேத்துக்கிறேன்."

வடிவு பலகையில் QUICK, QUACK, QUAKE, QUARK, QUIRK என்று ஐந்து எழுதிவிட்டு நின்றாள்.

"அவ்வளவுதானா?" என்று சிரித்தபடி சார் ஆறாவதாக SQUEAK என்று எழுதினார்.

"சார், அதுல ஆறெழுத்து இருக்கே."

அவர் எண்ணினார். வகுப்பே சத்தமாகச் சேர்ந்து எண்ணியது.

"பேப்பர்லயும் இந்தப் புதிர் இப்படித்தான் தப்பா வந்துச்சு சார். போன மாசம் நீங்க எங்கிட்டதான் அந்தப் பேப்பர வாங்கிட்டுப் போனீங்க. அடுத்த வாரமே வருத்தம் தெரிவிச்சுத் திருத்தம் போட்டுட்டாங்க. கேட்டிருந்தா அதையும் சேத்துக் குடுத்திருப்பேனே!"

சார் பலகையை அழித்தபோது பறந்த சாக்பீஸ் தூசி இன்னும் என் மூக்கில் இருக்கிறது. அணிப் பட்டியலை எடுத்துப் பேனாவைத் திறந்தார்.

"உன் பேரைச் சொல்லும்மா," என்றார்.

அந்த வருஷத்தில் அவர் அவள் பெயரைக் கேட்டது அதுதான் முதல் தடவை.