கூப்பிடாமல் போன பந்தல்

சாமி என்று ஊரே கூப்பிடும் செங்கமலத்துக்கு மயிலாத்தாவை விட வயசு குறைவு. அதனால் குரு சிஷ்யையை அக்கா என்பார். சிஷ்யை குருவைச் சாமி என்பாள். கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். அவர்கள் இருவருக்கும் வராது.

அன்றைக்கு உச்சி வெயிலில் நொய்யல் கரை மடத்துக்கு மயிலாத்தா ஓடி வந்தாள். சாமி மொச்சைக்காய் உரித்துக்கொண்டிருந்தார்.

"வாங்கக்கா. என்ன, ஒரு கால்ல மட்டும் செருப்பு?"

மயிலாத்தா குனிந்து பார்த்தாள். இன்னொன்று எங்கே விழுந்ததோ.

"சாமி, முகம் பார்க்காம ஒருத்திய வேலைக்கு வச்சது தப்புங்களா?"

"எந்த வேலைக்கு?"

மயிலாத்தாவுக்குப் பந்தல் தொழில். காங்கேயத்தில் ஒரே வண்டியோடு ஆரம்பித்தது, கரூர் வரைக்கும் பரவிவிட்டது. விசேஷத்துக்கு மஞ்சள் துணி, சாவுக்கு வெள்ளைத் துணி. எந்த வண்டி எந்த ஊருக்குப் போகணும், யார் போய்க் கம்பு நடணும், ஒற்றை ஆளாய் அவளால் சமாளிக்க முடியவில்லை. வீட்டிலிருந்தபடியே போனில் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று விளம்பரம் கொடுத்தாள். பூவரசி என்று ஒரு பெண் பேசினாள். எந்த ஊரும்மா என்றதற்கு, "தூரமா இருக்கேனுங்க" என்றாள். குரல் பதமாக இருந்தது. அன்றைக்கே வேலைக்கு வைத்துவிட்டாள்.

"வேலை சரியில்லையா?"

"குத்தமே சொல்ல முடியாதுங்க சாமி. ஆனா பேசி முடிச்சா, போனை வச்சரட்டுங்களான்னு ஒரு வார்த்தை கேட்க மாட்டா. சாவு வீட்ல இருந்து கிளம்பற மாதிரி, சொல்லாமலே போயிருவா."

"அதுக்கா ஓடி வந்தீங்க?"

"இல்லைங்க. வெள்ளக்கோவில்ல ஒரு வீட்டு வாசல்ல நம்ம வண்டி வெள்ளைத் துணியோட போய் நின்னுருச்சு. அங்க யாரும் சாகலை. வீட்டுக்காரர் விளக்குமாத்த எடுத்துட்டு அடிக்க வந்திருக்காரு. நம்ம டிரைவர் வண்டியத் திருப்பிட்டு ஊர் எல்லை தாண்டலை, போன் வந்துருச்சு. திரும்பி வாங்கன்னு."

"அவரேவா கூப்பிட்டாரு?"

"அவரு மகனுங்க. பந்தல் அவருக்குத்தான்."

சாமி கையிலிருந்த காயை முறத்தில் போட்டார்.

"அப்புறம் முத்தூர்ல. அப்புறம் சென்னிமலையில. ஒண்ணு கூடத் தப்பலைங்க."

"இன்னிக்கு?"

மயிலாத்தா போனை நீட்டினாள். பூவரசியின் செய்தி: 'நாளை விடியலில் காங்கேயம், நம்ம வீடு. வெள்ளை ஏத்தியாச்சு.'

"பேத்திக்குக் காய்ச்சல் சாமி. கைக்குழந்தை. ஊசி போட்டும் இறங்கலை. பாலை வாயில வச்சாத் துப்புது. அழக்கூட மாட்டேங்குது. மக அதைப் பாத்துட்டே உக்காந்திருக்கா."

"வண்டிய நிறுத்தச் சொல்றதுதானே?"

"சொல்லாம இருப்பனா? நீங்கதானக்கா ஏத்தச் சொன்னீங்க, உங்க குரல்தான்னு டிரைவர் சத்தியம் பண்றான்."

ஆற்றில் காற்று நின்றிருந்தது. மடத்துப் பூனை போனையே பார்த்துக்கொண்டு பின்னால் பின்னால் நகர்ந்தது.

"முதல் நாள் அவகிட்ட என்னக்கா சொன்னீங்க?"

"தொழில் சொன்னேன். ஒவ்வொண்ணுக்கும் நான் கூப்பிட்டுட்டு இருக்க முடியாது, கூப்பிடாமலே நீயாப் பாத்து அனுப்பிரணும்னு சொன்னேன்."

"கூப்பிடாம எந்த வீட்டுக்கக்கா போவாங்க?"

மயிலாத்தா யோசித்துப் பார்த்தாள். கல்யாணமா, சீரா, வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தால்தான் ஜனம் வரும். அழைக்காமல் ஜனம் போகிற வீடு ஒன்றே ஒன்றுதான்.

சாமி எழுந்து உள்ளே போனார். ஒரு தட்டில் வெற்றிலையும் பாக்கும் குங்குமச் சிமிழும் எடுத்து வந்தார். தட்டைக் கீழே வைத்து, அதற்கு எதிரே ஆளை உட்கார வைப்பது போலப் போனைச் சுவரில் சாய்த்து வைத்தார்.

"கூப்பிடுங்க."

மணி அடிக்கவேயில்லை. தொட்டதும் குரல் வந்தது.

"சொல்லுங்கக்கா."

"பூவரசி, சாப்பிட்டியாம்மா?" என்றார் சாமி.

எங்கோ பெரிய வெளியில் துணி படபடக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"இங்க வந்ததுக்கு அப்புறம் யாரும் அப்படிக் கேட்டதில்லைங்க."

சாமி மயிலாத்தாவைப் பார்த்தார். மயிலாத்தாவுக்குப் புரிந்தது. இரண்டு கையாலும் தட்டைத் தூக்கிப் போனுக்கு நீட்டினாள்.

"பூவரசி... பேத்திக்கு நாளைக்குப் பேர் வைக்கிறோம். நம்ம வீட்லதான். நீ நேர்ல வரணும்."

"என்னையவாக்கா அழைக்கிறீங்க?"

"உன்னையத்தான் கண்ணு. கண்டிப்பா வரணும்."

படபடப்பு நின்றது.

"வர்றேனுங்க."

அதைச் சொல்லிவிட்டுத்தான் வைத்தாள்.

போன் மினுங்கியது. 'வெள்ளை இறக்கியாச்சு. மஞ்சள் ஏத்தியாச்சு.' அதைப் படித்து முடிப்பதற்குள் மகள் கூப்பிட்டாள். முதலில் அவள் பேசியது ஒன்றும் காதில் விழவில்லை. பின்னால் குழந்தை வீறிட்டுக்கொண்டிருந்தது.

"பசிக்கு அழுகுதும்மா!"

மயிலாத்தா சிரித்தாள், அழுதாள், மூக்கைச் சிந்தினாள். ஒற்றைச் செருப்பைத் தேடிக் காலை நுழைத்தவள் அப்படியே நின்றாள்.

"சாமி. அவ வர்றேன்னு சொல்லிட்டாளே."

"சொன்னா."

"எங்க வீட்டுக்கு."

"ஆமா."

"வந்து நடு வீட்ல உக்காந்துட்டா நான் என்னங்க பண்ணட்டும்?"

சாமி முறத்தை மடிக்கு இழுத்து அடுத்த காயை எடுத்தார்.

"வெறும் வயித்தோட வர்றாக்கா. முதல் பந்தியிலயே இலை போட்டுருங்க."